இரண்டு பிராவை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஓடினால் போதாதா?

கேள்வி: 2025 பெப்ரவரி 9

அக்கா, நான் ஹட்டன் பக்கம், வயது 24, கடையில் வேலை. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் பத்து கிலோமீட்டர் ஓடலாம் என்று பழகுகிறேன். மேட்டில் ஓடும்போது மார்பில் வலி இல்லை, இறக்கத்தில்தான் இழுத்து வலிக்கிறது. அதனால் சாதாரண பிரா இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் இறுக்கமான பனியனும் போடுகிறேன். ஆட்டம் குறைந்துவிட்டது. ஆனால் இப்போது மேட்டில் மூச்சு முட்டுகிறது. ஸ்போர்ட்ஸ் பிரா எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு, உடம்பு பழகிவிடும் என்கிறாள் வீட்டில் பெரியவள். உண்மையா?

பெப்ரவரி 9, இரவு

பழகாது. பெரியவளிடம் சொல்லுங்கள்.

மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான். அவற்றைத் தாங்கிப் பிடிப்பது தோலும், உள்ளே ஓடும் மெல்லிய நார்களும். 1840இல் அவற்றை விவரித்து எழுதிய ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் கூப்பர் நார்கள் என்கிறார்கள். தசை இருந்தால் பயிற்சியில் வலுவாகும். நாருக்கும் தோலுக்கும் அந்த வித்தை தெரியாது. தண்டால் எடுத்தால் மார்பகத்துக்குப் பின்னால் இருக்கும் நெஞ்சுத் தசை வலுவாகும், நல்லதுதான். ஆட்டம் அதனால் குறையாது.

ஓடும்போது நடப்பது இதுதான். கால் தரையில் பட்டதும் உடல் சட்டென்று நிற்கிறது, மார்பகம் நிற்பதில்லை. கினிகத்தேனை வளைவில் பஸ் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் முன்னால் போய் விழுவதில்லையா, அதேதான். உடல் மறுபடி மேலே எழும்பும் நேரத்தில் மார்பகம் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. அந்த இழுவைதான் வலி. மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆடுகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக் குழு இருக்கிறது. ஓடும் பெண்களின் மார்பக அசைவை அளந்து, அது 8 என்ற எண் போல ஒரு வடிவம் போடுகிறது என்று காட்டினார்கள்.

உங்களுக்கு மட்டும்தான் வலி என்று நினைக்க வேண்டாம். 2012 லண்டன் மரதனில் ஓடிய பெண்களில் 1,397 பேரிடம் கேட்டபோது மூன்றில் ஒருவருக்கு மார்பக வலி இருந்தது. வருடக்கணக்காக ஓடிப் பழகியவர்களும் அதில் இருக்கிறார்கள்.

மூச்சு முட்டுவதற்கு அந்த மூன்று அடுக்குதான் காரணம். வேறு வழியில்லாத நாளில் இரண்டு பிரா போடுவது தப்பில்லை, நானும் போட்டிருக்கிறேன். ஆனால் மேட்டில் விலா விரிய வேண்டும். அங்கே மார்புக்குக் கீழே சுற்றி வரும் இரண்டு அடிப்பட்டியும் ஒரு பனியனும் சேர்ந்து நெரித்தால் எங்கே விரிவது?

பெப்ரவரி 10

இறக்கத்தில் ஏன் கூட வலிக்கிறது என்பதை விட்டுவிட்டேன். மேட்டில் காலடி சின்னது, உடல் முன்னால் சாய்ந்திருக்கும், உயரத்திலிருந்து விழுவதில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் விழுந்து பிரேக் போடுவது. சமதரையிலேயே ஓடும்போது காலில் இறங்கும் விசை உடல் எடையின் இரண்டு, மூன்று மடங்கு. தோட்டத்து ரோட்டில், கல் பெயர்ந்த இறக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

பெப்ரவரி 16

என்ன வாங்குவது என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

இரண்டு வகை உண்டு. ஒன்று அப்படியே நெஞ்சோடு அமுக்கிப் பிடிப்பது, தலைவழியாகப் போடும் குட்டை பனியன் மாதிரி இருக்கும், கப் பிரிந்திருக்காது. மற்றது இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கப்பில் ஏந்திப் பிடிப்பது, பின்னால் ஹூக் இருக்கும். சின்ன மார்பு என்றால் அமுக்கும் வகையே போதும். பெரிய மார்புக்கு அமுக்குவதால் மட்டும் வேலை ஆகாது, தனிக் கப் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தைத்ததும் வருகிறது, ஓட்டத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எல்லாரும் தோள்பட்டியைப் பார்த்து வாங்குகிறார்கள். தாங்குவதில் பெரும்பங்கு மார்புக்குக் கீழே சுற்றி ஓடும் அடிப்பட்டியினுடையது. தோள்பட்டியை இழுத்து இழுத்துச் சுருக்க வேண்டியிருக்கிறதா? தோளில் பள்ளம் விழுகிறதா? அப்படியானால் அடிப்பட்டி தளர்வு என்று அர்த்தம். அது முதுகில் மேலே ஏறாமல், முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கையை உயர்த்திப் பாருங்கள், அப்போதும் ஏறக்கூடாது. இரண்டு விரல் உள்ளே போக வேண்டும், மூன்றாவது போகக்கூடாது. கப்பில் சுருக்கம் விழுந்தால் பெரிது. மேலேயோ கக்கத்துப் பக்கமோ பிதுங்கினால் சின்னது.

அளவு எடுக்க அங்குல நாடா போதும். மார்புக்குக் கீழே ஒரு சுற்று (34, 36 என்கிற எண் இதுதான்), மார்பின் நிறைவில் ஒரு சுற்று. வித்தியாசம் ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் இது தொடக்கம் மட்டும். 34 சி இல்லாவிட்டால் 36 பி எடுங்கள் என்பார்கள். கப்பின் கொள்ளளவு ஒன்றுதான், உண்மை. ஆனால் அடிப்பட்டி தளர்ந்துவிடும். வீட்டில் உடுத்த சரி, ஓட்டத்துக்குச் சரிவராது.

பெப்ரவரி 17

"அக்கா, எங்கள் டவுன் கடையில் போட்டுப் பார்க்க இடமே இல்லை. கவுண்டரில் நிற்கிற அண்ணன் ஆளை ஒருக்கா பார்த்துவிட்டு 36 என்கிறார்."

எங்கள் ஊர் அண்ணனுக்கு எல்லாரும் 34.

சரி, விளையாட்டை விடுவோம். மாற்றித் தருவீர்களா என்று வாங்குமுன் கேளுங்கள். தருவோம் என்றால் வீட்டில் போட்டு, லேபலைக் கழற்றாமல், அறைக்குள் துள்ளிப் பாருங்கள், நின்ற இடத்திலேயே ஓடிப் பாருங்கள். மூச்சை முழுக்க இழுத்துப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

மார்ச் 2

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். எங்கள் அம்மாமார் கூடை நிறையத் தேயிலைக் கொழுந்தோடு மலை ஏறி இறங்கினார்கள், அவர்களுக்கு யார் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுத்தது, இதெல்லாம் டவுன்காரிகளின் பகட்டு என்று.

கோபம் விளங்குகிறது. நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். ஆனால் நடப்பதும் ஓடுவதும் ஒன்றில்லை. நடக்கையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடுகையில் ஒவ்வோர் அடிக்கும் உடல் முழுவதும் காற்றில் எழும்பி விழுகிறது. இருபது கிலோ சுமந்தாலும் நடை நடைதான். முதுகும் கழுத்தும் தேய்ந்தன, அது வேறு பெரிய கதை.

அம்மாவிடம் கேட்டேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, பிந்திப்போனால் பேர் விழாது என்று படியில் ஓடுவார்களாம், அப்போது இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டுதான் ஓடுவார்களாம். "வலிக்கும்தான். அதைப் போய் யாருகிட்ட சொல்றது?" என்றார். ஆக அந்தக் காலத்தில் வலி இல்லாமல் இல்லை. சொல்ல ஆள் இருக்கவில்லை.

மார்ச் 9

மூச்சு பற்றி இன்னும் கொஞ்சம். மூன்று அடுக்குதான் காரணம் என்று பெப்ரவரியில் அடித்துச் சொன்னேன். ஆனால் ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே போய்ப் பழகியிருந்தால் காற்று மெலிந்ததும் ஒரு பங்கு. அதையும் கணக்கில் எடுங்கள்.

இருந்தாலும் அடிப்பட்டியை விடுவதாக இல்லை. கனடாவில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு. நடத்தியவர் ஷலேயா கிப், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தடைதாண்டி நீளோட்டம் ஓடியவர். நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரிகளை ஒரே பிராவின் அடிப்பட்டியைத் தளர்த்தியும் இறுக்கியும் ஓடவிட்டார்கள். இறுக்கியபோது மூச்சுவிடவே உடல் கூடுதலாக உழைத்தது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆனது. தளர்த்தியபோது அதே வேகத்துக்குச் செலவான ஆக்சிசன் குறைந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டுத் தளர்வாகப் போடலாம் என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவில் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் தாங்குதலைக் கூட்டிப் பார்த்தார்கள். நன்றாகத் தாங்கும் பிராவோடு ஓடியபோதும் ஆக்சிசன் செலவு குறைந்தது. இரண்டும் முட்டுகிற மாதிரித் தெரிகிறதல்லவா? நான் விளங்கிக்கொண்டது இப்படி: தாங்குவது வேறு, நெரிப்பது வேறு. கப்பும் தோள்பட்டியும் துணியின் கனமும் தங்கள் பங்கைச் செய்தால், அடிப்பட்டி விலாவை நெரிக்கத் தேவையில்லை. கப் தவறாக இருந்தால் எல்லாப் பாரமும் அடிப்பட்டியில் விழும், நாமும் இறுக்கிக்கொண்டே போவோம். இரண்டு பிரா போடும்போது நடப்பது அதுதான். தாங்குதல் கொஞ்சம் கூடுகிறது, நெரிப்பு இரண்டு மடங்காகிறது. பிளாஸ்டர், பண்டேஜ் துணி சுற்றுகிறவர்களும் இதில் சேர்த்தி.

மார்ச் 10

இல்லை, பண்டேஜ் சுற்றுவது இன்னும் மோசம். ஓட ஓட நழுவிக் கயிறாகத் திரண்டு ஒரே இடத்தில் அறுக்கும். தயவுசெய்து வேண்டாம்.

மார்ச் 30

விசயத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போகிறேன்.

முதல் ஸ்போர்ட்ஸ் பிரா 1977இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் பிறந்தது. லிசா லிண்டால் என்ற ஓட்டக்காரி, பாலி ஸ்மித் என்ற உடை வடிவமைப்பாளர், ஹிண்டா மில்லர் என்ற உதவியாளர். ஆண்கள் விளையாடும்போது உள்ளே கட்டும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை வாங்கி வெட்டிச் சேர்த்துத் தைத்தார்கள். இன்றைக்கு நாம் போடுவதன் மூதாதை அதுதான். பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வருடம், 1978இல், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறக்கிறார்கள். பிறகு ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. 1987இல் தொடங்கிய மாஸ் ஹோல்டிங்ஸ் உள்ளாடைக்கும் விளையாட்டு ஆடைக்கும் உலகப் பெயர் எடுத்தது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிய கையோடு பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள்! என் சின்னம்மாவின் மகள் வருடக்கணக்காக அடிப்பட்டி மட்டுமே தைத்தாள். எலாஸ்டிக்கை எவ்வளவு இழுத்துத் தைக்க வேண்டும், எந்த இடத்தில் இரட்டைத் தையல், கையால் தொட்டே சொல்வாள். அவள் ஓடியதில்லை. அவள் தைத்ததை வாங்கிப் போட்டதும் இல்லை. 2025 தொடக்கத்தில் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது, பெயர்பெற்ற பிராண்டில் ஒன்றுக்குப் பல நாள் சம்பளம் போய்விடும்.

எனக்குப் பிரா பற்றிப் பாதிக்கு மேல் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஏற்றுமதியில் மிஞ்சியது டவுன் கடைகளிலும் கொழும்புப் புறக்கோட்டையிலும் மலிவாகக் கிடைக்கும். லேபல் வெட்டியிருப்பார்கள், பரவாயில்லை. அவள் சொல்லும் சோதனை: அடிப்பட்டியை இழுத்து விடு, உடனே பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும், அலை அலையாக நின்றால் எலாஸ்டிக் செத்தது. தோள்பட்டியை நீளவாட்டில் இழு, ரப்பர் மாதிரி நீண்டால் ஓட்டத்துக்கு உதவாது. உள்பக்கத் தையலை விரலால் தடவு, உனக்குக் கரகரப்பது தோலுக்கும் கரகரக்கும்.

ஏப்ரல் 20

கேள்வி கேட்ட தங்கச்சி ஓடி முடித்துவிட்டார். எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"அக்கா, தனிக் கப் வைத்தது ஒன்று எடுத்தேன், 34 டி. இவ்வளவு நாள் 36 பி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். கிரகரி வாவிப் பக்கம் வரும்போது மழை. இறக்கத்தில் வலி இல்லையென்று சொல்ல ஏலாது, ஆனால் முன்னைப் போல இல்லை. கை வீசி ஓடினேன். முன்பு கையை ஒட்டிவைத்து ஓடினேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது."

அந்தக் கை விசயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாங்குதல் போதாதபோது உடல் தானாகவே தப்பு வழி தேடும். கை உடலோடு ஒட்டும், தோள் முன்னால் வளையும், இடுப்புக்கு மேலே திரும்புவது குறையும், காலடி சுருங்கும். தாங்குதல் குறைந்தால் ஓர் எட்டின், அதாவது ஒரு காலடியின், நீளம் 4 சென்டிமீட்டர் வரை குறையலாம் என்று போர்ட்ஸ்மவுத்தில் சொல்கிறார்கள். ஓர் எட்டுக்கு அது ஒன்றுமில்லை. பத்து கிலோமீட்டருக்கு எத்தனை எட்டு என்று நீங்களே பெருக்குங்கள்.

36 பி யிலிருந்து 34 டி க்குப் போனதில் ஆச்சரியமில்லை. டி என்றால் பெரிய மார்பு என்று பயந்தே பலர் எடுப்பதில்லை. 34 டி கப்பும் 36 சி கப்பும் ஒரே கொள்ளளவு. தங்கச்சி ஒரே ஒரு கப் அளவுதான் ஏறியிருக்கிறார்.

மே 18

வெசாக்கோடு சிவனொளிபாத மலை சீசன் முடிந்தது. நல்லதண்ணிப் பக்கமாக இறங்கியவர்கள் முழங்கால் வலி பற்றித்தான் எழுதுகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் மார்பு வலித்தது என்று, அதுவும் தனியாக எனக்கு எழுதினார். படியில் தொம் தொம் என்று இறங்குவது ஓட்டத்துக்கு ஒப்பானது. யாத்திரைக்குப் போகும்போதும் நல்லதாக ஒன்று போட்டுப் போங்கள். சாமி கோபிக்காது.

பாடசாலை பற்றி ஒரு டீச்சர் கேட்டிருந்தார். பாடசாலை இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டியில் துள்ளித் திரிந்த பிள்ளைகள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஒதுங்கிவிடுகிறார்கள், காரணம் சொல்வதுமில்லை என்று. எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் விடாததும், மாற்ற அறையில்லாததும் இருக்கின்றன. ஆனால் 2016இல் இங்கிலாந்தில் 2,000 மாணவிகளுக்கு மேல் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் மார்பகம் காரணமாக விளையாட்டில் தயங்குவதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விளையாடும்போது ஸ்போர்ட்ஸ் பிரா போட்டதே இல்லை. அங்கேயே அப்படி. விளையாட்டு சேரிடம் இதைக் கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? பெண் டீச்சர் ஒருவர் வருட ஆரம்பத்திலேயே எல்லாப் பிள்ளைகளிடமும் பொதுவாகக் கதைத்துவிடுவது நல்லது. ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அது மறுநாள் வராது.

கண்டிப் பக்கம் வலலையில் படித்த தருஷி கருணாரத்ன 2023 ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம் எடுத்தபோது எங்கள் பிள்ளைகளும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் ஓடக்கூடியவர்களும் இருந்திருப்பார்கள்.

ஜூன் 15

மழை பிடித்துவிட்டது. இனி கேள்வி எல்லாம் காயவைப்பது பற்றித்தான்.

அடுப்புக்கு மேலே கட்டாதீர்கள். வேறு எங்கே கட்டுவது என்று கேட்பீர்கள், தெரியும், எங்கள் வீட்டிலும் எல்லா உடுப்பும் அங்கேதான். ஆனால் சூடு எலாஸ்டிக்கைத் தின்னும், புகை மணமும் போகாது. கையால் அலசி, முறுக்காமல், உலர்ந்த துவாயில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு காற்றுப் படும் இடத்தில் போடலாம். வாசனைக்கு ஊற்றும் துணி மென்மையாக்கியும் எலாஸ்டிக்குக்கு ஆகாது. ஹப்புத்தளை, பண்டாரவளைக்காரர்களுக்கு இந்த மாதங்களில் நல்ல காற்று, எங்களைப் பார்த்துச் சிரியுங்கள்.

அரை ஈரத்தோடு மட்டும் போடாதீர்கள். ஈரத் துணி தோலை உரசி உரித்துவிடும். அடிப்பட்டி படும் இடம், கக்கம், தோள்பட்டி ஓரம். ஓடுமுன் வாசலின் தடவுங்கள். உரிந்த பிறகு தடவினால் ஆறுதல் மட்டும்தான். பருத்திப் பிரா மழையில் தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், ஓட்டத்துக்குச் செயற்கை இழை நல்லது.

இருட்டோடு ஓடுகிறவர்களுக்கு: தேயிலைக்குள்ளே சிறுத்தை நடமாட்டம் என்று மறுபடி பேச்சு. எந்தப் பிராவும் அதற்கு உதவாது. விடிந்த பிறகு ஓடுங்கள்.

ஜூன் 29

மூன்று கேள்வி, சுருக்கமாக.

பால் கொடுக்கிற தாய் ஓடலாமா? டாக்டரோ மிட்வைஃப் மிஸ்ஸோ சரி என்ற பிறகு ஓடலாம். ஓடுமுன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோ பாலை எடுத்துவிட்டோ ஓடுங்கள், பாரமும் வலியும் குறையும். இந்தக் காலத்தில் அளவு மாறிக்கொண்டே இருக்கும், விலை கூடியதை இப்போது வாங்க வேண்டாம். அமுக்கும் வகையை ஓடி முடித்ததும் கழற்றிவிடுங்கள், நாள் முழுக்க அமுங்கினால் பால் கட்டிக்கொள்ளலாம்.

இறுக்கமாகப் போட்டால் கட்டி வருமா, புற்றுநோய் வருமா? பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை என்று 2014இல் சியாட்டிலில் நடந்த ஆய்வு சொன்னது. ஆனால் கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஓடாத நாளிலும் ஒரே இடத்தில் வலி நின்றாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ ஆராய்ந்துகொண்டு நிற்காமல் கிளினிக்குக்குப் போங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்களில் வெல் வுமன் கிளினிக், அதாவது பெண்களுக்கான பரிசோதனைக் கிளினிக், நடக்கிறது, காசில்லை. நெஞ்சின் நடுவில் அழுத்தி, கைக்குப் பரவும் வலி என்றால் அது இந்தப் பேச்சே இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

ஓடினால் தொங்கிவிடுமா? வயது, பிள்ளைப்பேறு, எடை ஏறி இறங்குவது, புகைத்தல், இவைதான் தெரிந்த காரணங்கள். பிரா போட்டால் தொங்காது என்று விற்கிறவர்களையும் நம்பாதீர்கள். நான் வலிக்காமல் ஓடத்தான் போடுகிறேன்.

ஜூலை 13

"அக்கா, எப்போது மாற்றுவது? ஹூக் கடைசி வரிசைக்கு வந்துவிட்டது."

மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதிதாக வாங்கும்போது ஆகத் தளர்ந்த வரிசையில் சரியாக நிற்பதை எடுங்கள். எலாஸ்டிக் தளரத் தளர உள்வரிசைக்குப் போகலாம். முதல் நாளே இறுக்கமான வரிசையில் மாட்ட வேண்டியிருந்தால் பெரிய அளவு எடுத்துவிட்டீர்கள். பழையதை எறிய வேண்டாம், நடைக்கும் வீட்டு வேலைக்கும் போதும். ஓடும் நாளில் மட்டும் அதைக் கையில் எடுக்காதீர்கள்.